ஸ்டெல்லரேட்டரில் வேக அயனிகள் ஆல்ஃப்வென் அலையைக் கிளப்புமா? கையால் கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. இயற்பியல் புராஜெக்ட்டுக்கு இணைவு உலையை எடுத்திருப்பவர்களுக்கான வழிகாட்டி இது. ஸ்டெல்லரேட்டர் என்பது முறுக்கிய காந்தப்புலத்தால் சூடான பிளாஸ்மாவை வளையத்துக்குள் அடைத்துவைக்கும் கருவி. கால்குலேட்டரும் நாலு தாளும் இருந்தால் முதல் முக்கால் பங்கு வேலையை முடித்துவிடலாம். லேப்டாப் கடைசியில்தான் வேண்டும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நிரலை இறக்கி ஓட்டி, வண்ணப்படத்தில் 100 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒரு கோடு தெரிந்ததும் "ஆல்ஃப்வென் அலை கண்டோம்" என்று அறிக்கையில் எழுதிவிடுவது சுலபம். ஆனால் அலை எங்கே இருக்க முடியும் என்பதை மட்டுமே அதிர்வெண் சொல்லும். அது கிளம்புமா, அடங்குமா என்பது உந்தலுக்கும் தணிப்புக்கும் உள்ள வழக்கு. அந்த வழக்கைத் தனியாகத் தீர்க்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்குத்தான்.

அலை என்றால் எது

வீணைத் தந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பிருடையை முறுக்கினால் இழுவிசை கூடும், சுதி ஏறும். தந்தி தடித்தால் சுதி இறங்கும். பிளாஸ்மாவில் காந்தப்புலக் கோடுதான் தந்தி. புலத்தின் வலிமை இழுவிசையைத் தருகிறது, கோட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அயனிகள் நிறையைத் தருகின்றன. 1942இல் ஹான்னஸ் ஆல்ஃப்வென் சொன்ன அலை இதுவே. இது வெறும் உவமை இல்லை. இரண்டிலும் வேகத்தின் சூத்திரம் ஒரே வடிவம்: இழுவிசையை நிறை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுப்பது. காந்த இழுவிசை புலத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஆகவே புலத்தை இருமடங்காக்கினால் அலை வேகம் இருமடங்கு. அடர்த்தியை நான்கு மடங்காக்கினால் வேகம் பாதி.

பிளாஸ்மாவைச் சூடாக்கச் செலுத்தும் நடுநிலை அணுக்கற்றை உள்ளே போய் அயனியாகும். இணைவு உலையில் ஆல்ஃபா துகள்கள் தாமாகவே பிறக்கும். இரண்டும் வேக அயனிகள். ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளுவதுபோல இவை அலையைத் தள்ளினால் அலை வளரும். வளர்ந்த அலை அதே அயனிகளை வெளியே தூக்கி எறியும். சூடாக்க வேண்டிய ஆற்றல் வீணாவதோடு, சுவரில் ஒரே இடத்தில் போய்த் தாக்கி ஓட்டையும் போடலாம்.

முதல் படி: அலை வேகம்

எடுத்துக்காட்டாக ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் உள்ள வெண்டெல்ஸ்டைன் 7-எக்ஸை எடுத்துக்கொள்வோம். 2015 டிசம்பரில் முதல் பிளாஸ்மாவைக் கண்ட கருவி. பெரிய ஆரம் 5.5 மீட்டர், பிளாஸ்மாவின் சிறிய ஆரம் சுமார் 0.5 மீட்டர், புலம் 2.5 டெஸ்லா, ஐந்து மடங்குச் சமச்சீர். 50 வளைந்து நெளிந்த சுருள்களும் 20 தட்டைச் சுருள்களும் சேர்ந்து புலத்தை உருவாக்குகின்றன.

கைக்கணக்குச் சூத்திரம்: 2.18 × 10⁶ஐப் புலத்தால் (டெஸ்லாவில்) பெருக்குங்கள். அடர்த்தியை 10²⁰ / கன மீட்டர் என்ற அலகில் எடுத்து, அயனியின் நிறை எண்ணால் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் வகுங்கள். விடை மீட்டர்/விநாடியில் வரும். ஹைட்ரஜன், அடர்த்தி 5 × 10¹⁹ என்றால் 2.18 × 10⁶ × 2.5 ÷ √0.5. அதாவது 7.7 × 10⁶ மீட்டர்/விநாடி.

இங்கே இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கும். ஒன்று, மாசுகளை மறப்பது. பிளாஸ்மாவில் கார்பன் கலந்து பயனுறு மின்னூட்டம் (அயனிகளின் மின்னூட்ட வர்க்கங்களைக் கூட்டி எலெக்ட்ரான் எண்ணிக்கையால் வகுத்தது) 2 ஆனால், 30 எலெக்ட்ரானுக்கு ஒரு கார்பன் என்று கணக்கு வரும். ஹைட்ரஜன் எலெக்ட்ரான் எண்ணிக்கையில் 80 சதவீதம்தான் மிஞ்சும். நிறையைக் கூட்டிப் பாருங்கள்: 0.8 + 12/30 = 1.2. வேகம் 7.0 × 10⁶ ஆக இறங்கும். 100 கிலோஹெர்ட்ஸ் வரவேண்டிய இடத்தில் 92 வரும். அளவீட்டோடு ஒப்பிடும்போது இந்த 8 கிலோஹெர்ட்ஸ் வேறுபாட்டுக்கு வேறு ஏதாவது காரணத்தைக் கற்பித்துக்கொள்ள நேரிடும்.

இரண்டாவது தவறு பெரியது. மையத்து அடர்த்தியை மட்டும் வைத்து முழு ஆரத்துக்கும் கணக்குப் போடுவது, கல்லணையில் அளந்த தண்ணீரை வைத்து நாகப்பட்டினம் கடைமடைக்கு வந்த தண்ணீரைச் சொல்வது போன்றது. ஓரத்தில் அடர்த்தி 1 × 10¹⁹க்கு இறங்கினால் அலை வேகம் 1.7 × 10⁷க்கு ஏறிவிடும், மையத்தைப்போல இரண்டே கால் மடங்கு. எனவே குறைந்தது ஐந்து ஆரங்களில் (மையம், கால், பாதி, முக்கால், ஓரம்) அடர்த்தியை எழுதி, ஒவ்வொன்றுக்கும் வேகம் கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்த அட்டவணை கடைசிவரை தேவைப்படும்.

இரண்டாம் படி: வேக அயனியின் வேகம்

4.38 × 10⁵ஐ, ஆற்றலை (கிலோ எலெக்ட்ரான்வோல்ட்டில்) நிறை எண்ணால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். 55 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் ஹைட்ரஜன் கற்றைக்கு 3.25 × 10⁶ மீட்டர்/விநாடி. அலை வேகத்தோடு ஒப்பிட்டால் 0.42.

"அயனி அலையைவிட மெதுவாகப் போகிறது, ஆகவே ஒன்றும் நடக்காது" என்று இங்கே நிறுத்திவிடக் கூடாது. வளையத்துக்குள் சுற்றும் அயனியின் பாதை மேலும் கீழும் நகர்ந்துகொண்டே இருப்பதால், அலை வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகத்திலும் ஒத்ததிர்வு உண்டு. மூன்றில் ஒரு பங்கு என்பது 2.57 × 10⁶. நம் கற்றை அதைத் தாண்டியே தொடங்குகிறது. வேகம் குறையும் வழியில் அந்தப் புள்ளியைக் கடந்துதான் ஆக வேண்டும்.

இதுவரை சொன்னது டோக்கமாக்குக்கும் (பிளாஸ்மாவுக்குள்ளேயே பெரிய மின்னோட்டம் ஓட்டி அடைத்துவைக்கும் வளையக் கருவிக்கும்) பொருந்தும். ஸ்டெல்லரேட்டரில் புலம் ஐந்து முறை திரும்பத் திரும்ப வருவதால் கூடுதல் ஒத்ததிர்வுகள் கிடைக்கின்றன. புலக்கோடு வளையத்தை நீளவாக்கில் ஒருமுறை சுற்றுவதற்குள் (நெடுஞ்சுற்று) அதன் குறுக்குவெட்டை எத்தனை முறை சுற்றுகிறது (குறுக்குச் சுற்று) என்பதை அயோட்டா என்பார்கள். அதை 0.9 என்று வைத்து, சாதாரண வளைய இடைவெளி அலைக்கு (இது என்ன என்பது மூன்றாம் படியில் வரும்) கணக்கு: (0.9 − 5) ÷ 0.9 = −4.56. இதை இரட்டித்து, 1உடன் ஒருமுறை கூட்டி ஒருமுறை கழித்து, குறியை விட்டுவிட்டுத் தலைகீழாக்குங்கள். 0.12, 0.10 என்று இரண்டு பின்னங்கள் வரும். அலை வேகத்தில் பத்தில் ஒரு பங்கில் ஓடும் அயனியும் அலையோடு பேச முடியும் என்று பொருள். இது நல்லதா கெட்டதா என்பதைத் தணிப்புப் பகுதியில் பார்ப்போம்.

ஜப்பானின் டோக்கியில் உள்ள எல்.எச்.டி. கருவியை ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு புரியும். அங்கே கற்றை 180 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் வரை. புலத்தை 0.6 டெஸ்லாவுக்குக் குறைத்து, அடர்த்தி 1 × 10¹⁹ வைத்தால் வேக விகிதம் 1.4. மூன்றில் ஒரு பங்கும் முழு வேகமும் இரண்டுமே கைக்கு எட்டும். புலத்தைக் குறைத்துத்தான் இப்படிப்பட்ட அலைகளை அங்கே வேண்டுமென்றே கிளப்பிப் படித்தார்கள்.

மூன்றாம் படி: அதிர்வெண் ஏணி

அலை வேகம் இடத்துக்கு இடம் மாறுவதால், ஒவ்வொரு காந்தப் பரப்பும் (புலக்கோடுகள் சுற்றிச் சுற்றி நெய்யும் வளையப் பரப்பு) தன் சொந்தச் சுதியில் அதிரும். அப்படிப்பட்ட தொடர்நிறமாலையில் சிக்கும் அலை உடனே கரைந்துவிடும். ஆனால் புலத்தின் மேடுபள்ளம் இரண்டு அலைகளைப் பிணைக்கும் இடத்தில் இடைவெளி ஒன்று திறக்கிறது. அதற்குள் உட்காரும் அலைதான் பிழைக்கும்.

அலை வேகத்தை 12.57 ஆலும் பெரிய ஆரத்தாலும் வகுத்தால் அடிப்படை அதிர்வெண் கிடைக்கும். நம் எடுத்துக்காட்டில் 7.7 × 10⁶ ÷ (12.57 × 5.5), அதாவது சுமார் 111.5 கிலோஹெர்ட்ஸ். இனி ஏணியின் படிகள்:

வளைய வடிவால் திறக்கும் இடைவெளி: அயோட்டாவால் பெருக்கினால் 100 கிலோஹெர்ட்ஸ்.
குறுக்குவெட்டு நீள்வட்டமாக இருப்பதால் திறப்பது: அதன் இருமடங்கு, 201.
திருகு வடிவால் திறப்பது: அயோட்டாவின் இருமடங்கான 1.8க்கும் சமச்சீர் எண்ணான 5க்கும் உள்ள வேறுபாட்டால் (3.2) பெருக்கினால் 357, 0.9க்கும் 5க்கும் உள்ள வேறுபாட்டால் (4.1) பெருக்கினால் 457.
நெடுஞ்சுற்றில் புலம் ஏறி இறங்குவதால் திறப்பது: 5ஆல் பெருக்கினால் 558.

டோக்கமாக்கில் முதல் இரண்டு படிகளோடு முக்கியமானவை முடிந்துவிடும். மேலே உள்ள மூன்றும் ஸ்டெல்லரேட்டரின் சொத்து. அளவிடும் கருவி 300 கிலோஹெர்ட்ஸ் வரைதான் பார்க்கும் என்றால், அந்த மூன்றும் கண்ணில் படாமலே போகும் என்பதை அறிக்கையில் நேர்மையாகக் குறிப்பிடுங்கள்.

இடைவெளி எந்த ஆரத்தில் திறக்கும் என்பதும் முக்கியம். அலை ஒரு குறுக்குச் சுற்றில் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பது குறுக்குச் சுற்று எண்; நெடுஞ்சுற்றில் எத்தனை முறை என்பது நெடுஞ்சுற்று எண். குறுக்குச் சுற்று எண்ணோடு அரையைக் கூட்டி, நெடுஞ்சுற்று எண்ணை அதனால் வகுத்தால் வரும் அயோட்டா உள்ள பரப்பில்தான் வளைய இடைவெளி திறக்கும். 1ம் 1ம் என்றால் 0.667. 2ம் 2ம் என்றால் 0.8. 3ம் 3ம் என்றால் 0.857. 5ம் 5ம் என்றால் 0.909. வெண்டெல்ஸ்டைனின் வழக்கமான அமைப்பில் அயோட்டா மையத்தில் சுமார் 0.86, ஓரத்தில் 1. எனவே சின்ன எண்கள் கொண்ட வளைய இடைவெளி அலைகளுக்கு அங்கே இடமே இல்லை. நிரல் 1, 1 என்று ஒன்றைக் காட்டினால் அது வேறு வகை: தொடர்நிறமாலை வளைந்து திரும்பும் உச்சிக்கோ அடிக்கோ அருகில் உட்காரும் அலை. அயோட்டா அதிகம் மாறாத கருவிகளில் இந்த வகை அடிக்கடி வரும். இரண்டையும் ஒரே பெயரில் எழுதிவிட்டால் அதற்குப்பின் வரும் தணிப்புக் கணக்கு முழுவதும் தப்பாகிவிடும்.

நான்காம் படி: உந்தல் உண்டா?

இந்தப் படியைத்தான் பெரும்பாலும் தாண்டிப் போவார்கள். வேகம் குறைந்துவரும் அயனிக் கூட்டத்தில், ஆற்றல் ஏற ஏற எண்ணிக்கை குறைகிறது. அது அலையிடமிருந்து ஆற்றலை வாங்கத்தான் செய்யும். அலைக்கு ஆற்றல் தருவது இடச்சரிவு, அதாவது மையத்தில் நிறைய, ஓரத்தில் குறைவு என்ற வேறுபாடு. முதலாவதை இரண்டாவது வெல்ல வேண்டும்.

வெல்கிறதா என்று பார்க்க: வேக அயனிகளின் சராசரி வெப்பநிலையை (எலெக்ட்ரான்வோல்ட்டில்) புலத்தாலும் சரிவு நீளத்தாலும் (அயனி எண்ணிக்கை கணிசமாக இறங்க எடுக்கும் தூரம்) வகுங்கள். 20,000 ÷ (2.5 × 0.15) = 53,300 மீட்டர்/விநாடி. இதைக் குறுக்குச் சுற்று எண்ணால் பெருக்கி, அந்த இடத்தின் ஆரத்தாலும் 6.28 ஆலும் வகுங்கள். ஆரம் 0.25 மீட்டர் என்றால், எண் 1க்கு 34 கிலோஹெர்ட்ஸ், எண் 3க்கு 102, எண் 5க்கு 170. இது அலையின் 100 கிலோஹெர்ட்ஸைத் தாண்ட வேண்டும். ஆகவே 3க்குக் கீழே உந்தல் இல்லை.

மேல் எல்லையும் உண்டு. 2.5 டெஸ்லாவில் 55 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் ஹைட்ரஜனின் சுழல் ஆரம் 1.36 சென்டிமீட்டர். அலையின் மேடுபள்ளம் இதைவிட நெருக்கமாகிவிட்டால் அயனி சராசரியைத்தான் உணரும், தள்ள முடியாது. 0.25 மீட்டர் ஆரத்தில் இந்த எல்லை எண் 18 அருகில் வருகிறது. தேட வேண்டியது 3க்கும் 18க்கும் இடையில். நிரலுக்குக் கொடுக்கும் எண் பட்டியலை இதை வைத்தே முடிவு செய்யலாம்.

சரிவின் திசையையும் பாருங்கள். கற்றை மையத்தை எட்டாமல் பாதியிலேயே படிந்தால், வேக அயனி அழுத்தம் நடுவில் குழியாகும். குழிக்குள் சரிவு தலைகீழ். அங்கே எதிர்த்திசையில் ஓடும் அலைதான் உந்தப்படும். அடர்த்தியை ஏற்றும்போது இது நடக்கும்.

ஐந்தாம் படி: தணிப்பு

வெப்ப அயனிகள் முதலில். 2 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் ஹைட்ரஜனின் வெப்ப வேகம் 6.2 × 10⁵. அலை வேகத்தின் மூன்றில் ஒரு பங்கு அதைப்போல 4.15 மடங்கு. இந்த விகிதத்தின் வர்க்கத்தை அடுக்காகக் கொண்டு தணிப்பு மங்கும் என்பதால், இந்த வழியில் வருவது அநேகமாகப் பூஜ்யம். ஆனால் இரண்டாம் படியில் கிடைத்த 0.10, 0.12 பின்னங்களை எடுத்துப் பாருங்கள்: 7.6 × 10⁵, 9.5 × 10⁵. வெப்ப வேகத்துக்கு ஒன்றே கால், ஒன்றரை மடங்குதான். திருகுப் புலத்தின் வழியாக வெப்ப அயனிகளே அலையை அடக்க முடியும். ஸ்டெல்லரேட்டரின் சிக்கலான வடிவம் நமக்கு உதவும் இடங்களில் இது ஒன்று. டோக்கமாக் சூத்திரத்தை அப்படியே எடுத்துப் போட்டால் இது விடுபட்டுவிடும்.

அடுத்து, தொடர்நிறமாலைத் தணிப்பு. முதல் படியில் போட்ட ஐந்து ஆர அட்டவணையை எடுத்து, ஒவ்வொரு ஆரத்திலும் இடைவெளியின் நடு அதிர்வெண்ணைக் குறியுங்கள். நுண்ணலையால் சூடாக்கிய பிளாஸ்மாவில் அடர்த்தி தட்டையாக இருக்கும். இடைவெளி மையம் முதல் ஓரம் வரை ஏறக்குறைய நேராகத் திறந்திருக்கும், அலை தப்பிக்கும். கற்றை மட்டும் செலுத்தினால் அடர்த்தி மையத்தில் குவியும். இடைவெளி ஓரத்தை நோக்கி ஏறிக்கொண்டே போகும். நேராகப் போகும் அலை எங்கோ ஓரிடத்தில் தொடர்நிறமாலையில் முட்டிக் கரையும். மடை திறந்திருந்தாலும் வாய்க்கால் மேடேறினால் தண்ணீர் போகாது, அதுபோல.

ஆறாம் படி: நிரலை ஓட்டுவது

வரிசை இதுதான்: வி-மெக் நிரலால் சமநிலை, அதை பூசர் ஆயங்களுக்கு (புலக்கோடுகள் நேர்கோடாகத் தெரியும் ஆயங்கள்) மாற்றுவது, ஸ்டெல்கேப் நிரலால் தொடர்நிறமாலை, பிறகு ஏ.இ.3டி நிரலால் அலை வடிவங்கள். உந்தலும் தணிப்பும் சேர்த்துப் பார்க்க ஃபார்3டி அல்லது சி.கே.ஏ.-யூடர்ப்பி. கடைசி இரண்டுக்கும் கணினித் தொகுதி வேண்டும். மற்றவை நல்ல லேப்டாப்பில் ஓடும்.

வி-மெக் காந்தப் பரப்புகள் ஒன்றுக்குள் ஒன்று ஒழுங்காக அடுக்கியிருப்பதாக எடுத்துக்கொள்ளும். தீவுகள் (பரப்பு உடைந்து புலக்கோடுகள் தனித்தனியாகச் சுருளும் இடங்கள்) அதற்குத் தெரியாது. வெண்டெல்ஸ்டைனின் ஓரத்தில் தீவுச் சங்கிலி இருக்கிறது. எனவே கடைசிப் பரப்புக்கு மிக அருகில் வரும் விடையை நம்ப வேண்டாம். பூசர் மாற்றத்தில் குறுக்கு எண்களை வி-மெக்கில் கொடுத்ததைப்போல ஆறு மடங்காவது கொடுங்கள். குறைத்தால் இடைவெளி விளிம்புகள் ரம்பம்போல வரும். அதைப் பௌதிகம் என்று நினைத்துவிடக் கூடாது.

நெடுஞ்சுற்று எண்கள் குடும்பம் குடும்பமாக வரும். ஐந்து மடங்குச் சமச்சீரில் 1, −4, 6, −9, 11 எல்லாம் ஒரே குடும்பம். மொத்தம் மூன்று குடும்பங்கள்தான். பத்து மடங்குச் சமச்சீருள்ள எல்.எச்.டி.யில் ஆறு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஓட்டுங்கள். குடும்பத்தில் ஒருவரை விட்டுவிட்டாலும் திருகு இடைவெளி திறக்காமல் போகும். குறியிலும் கவனம்: அயோட்டாவின் குறி நிரலுக்கு நிரல் மாறும். மாற்றிப் போட்டால் இடைவெளிகள் தப்பான ஆரத்தில் நிற்கும். மூன்றாம் படியில் கையால் போட்ட 0.909 பரப்போடு ஒப்பிட்டால் அது உடனே தெரிந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டாவில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஸ்டெல்கேப் ஒவ்வொரு காந்தப் பரப்பையும் தனியாகத்தான் தீர்க்கிறது. ஆகவே நூறு பரப்புகளை ஒரே மூச்சில் ஓட்டாமல், பத்துப் பத்தாகப் பிரித்து ஒவ்வொரு தொகுதியின் விடையையும் தனிக் கோப்பில் சேமியுங்கள். பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வி-மெக்குக்கு இந்தச் சலுகை இல்லை. அதை மட்டும் யு.பி.எஸ். பலமாக இருக்கும்போது ஓட்டி முடித்துவிடுங்கள்.

அளவீட்டோடு ஒப்பிடும்போது

அலையை அளக்கும் சிறிய காந்தச் சுருளின் சைகையை அலசுபவர்கள் மாதிரியெடுப்பு வேகத்தை முதலில் பார்க்க வேண்டும். விநாடிக்கு 20 லட்சம் மாதிரி என்றால் 1 மெகாஹெர்ட்ஸ் வரை நம்பலாம். 2,048 மாதிரிச் சாளரம் 1.02 மில்லிவிநாடி நீளம், அதிர்வெண் நுணுக்கம் சுமார் 1 கிலோஹெர்ட்ஸ். வடிகட்டி போடாமல் 5 லட்சம் மாதிரியில் எடுத்தால், 457 கிலோஹெர்ட்ஸ் திருகு அலை 43 கிலோஹெர்ட்ஸில் மடிந்து வந்து உட்காரும். பார்த்தால் ஏதோ தாழ் அதிர்வெண் அலைபோலவே இருக்கும். சுருள் புலத்தின் மாறுவீதத்தைத்தான் அளக்கிறது என்பதால், ஒரே வீச்சுள்ள இரண்டு அலைகளில் 457 கிலோஹெர்ட்ஸ் அலை 100 கிலோஹெர்ட்ஸ் அலையைவிட 4.6 மடங்கு உயரமாகத் தெரியும். அதிர்வெண்ணால் வகுத்த பிறகே வீச்சுகளை ஒப்பிடுங்கள்.

உண்மையில் ஆல்ஃப்வென் அலைதானா என்பதற்கு எளிய சோதனை அடர்த்தி. அடர்த்தி 5இலிருந்து 8 × 10¹⁹க்கு ஏறும்போது 100 கிலோஹெர்ட்ஸ் 79க்கு இறங்க வேண்டும். அசையாமல் நின்றால் மின்வழங்கியின் இரைச்சலாக இருக்கலாம். கற்றையை இயக்கியதும் அதே கணத்தில் கோடு வந்தாலும் சந்தேகப்படுங்கள்: 2 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் எலெக்ட்ரான்களிடையே, 5 × 10¹⁹ அடர்த்தியில், 55 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் அயனி முழுதாக வேகம் குறைய ஏறக்குறைய 29 மில்லிவிநாடி ஆகும். வேக அயனி அழுத்தம் சேர்வதற்கு அந்த அளவு காலம் வேண்டும்.

இன்னொன்று: அயனி இழப்பைக் காட்டி "அலைதான் வெளியேற்றியது" என்று எழுதும் முன், அலையே இல்லாமல் இழப்பு எவ்வளவு என்று ஓட்டிப் பாருங்கள். ஸ்டெல்லரேட்டரில் புலத்தின் மேடுபள்ளமே சில அயனிகளை வெளியே கொண்டுபோய்விடும். அந்தக் கணக்கைக் கழித்த மிச்சம்தான் அலைக்குரியது.

இதே படிகள், உலை அளவில்

புலம் 5 டெஸ்லா, டியூட்டீரியம்–டிரிட்டியம் கலவை (நிறை எண் 2.5), அடர்த்தி 2 × 10²⁰, வெப்பநிலை 15 கிலோ எலெக்ட்ரான்வோல்ட். அலை வேகம் 4.87 × 10⁶. 3.5 மெகா எலெக்ட்ரான்வோல்ட் ஆல்ஃபாவின் வேகம் 1.3 × 10⁷. விகிதம் 2.66. ஆல்ஃபா வேகம் குறையும் வழியில் சுமார் 0.5 மெகா எலெக்ட்ரான்வோல்ட்டில் அலை வேகத்தைக் கடக்கிறது. ஒத்ததிர்வைத் தவிர்க்க வழியில்லை; உந்தலைக் குறைக்கத்தான் வழி தேட வேண்டும்.

ஸ்டெல்லரேட்டருக்கு இங்கே ஒரு நல்ல கைப்பிடி இருக்கிறது. பிளாஸ்மாவில் பெரிய மின்னோட்டம் தேவைப்படாததால், டோக்கமாக்கைக் கட்டுப்படுத்தும் அடர்த்தி எல்லை இதற்குப் பொருந்தாது. அழுத்தத்தை மாற்றாமல் அடர்த்தியை 3 × 10²⁰க்கு ஏற்றி, வெப்பநிலையை 10க்கு இறக்குங்கள். வேக விகிதம் 3.25 ஆகக் கூடுகிறது. முதல் பார்வைக்கு நிலைமை மோசமானதுபோலத் தெரியும். ஆனால் ஆல்ஃபா வேகம் குறைய எடுக்கும் காலம் வெப்பநிலையின் ஒன்றரை அடுக்கோடு ஏறி, அடர்த்தியோடு இறங்குவதால், அது 0.36 மடங்காகிவிடுகிறது. இந்த வெப்பநிலைகளில் ஒரே அழுத்தத்துக்கு இணைவு வீதம் அதிகம் மாறாது. எனவே தேங்கி நிற்கும் ஆல்ஃபா அழுத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். வெப்ப அயனித் தணிப்பு அப்படியே இருக்கும்: அலை வேகத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் வெப்ப வேகத்துக்கும் உள்ள விகிதம் இரண்டு நிலையிலும் 1.51தான், ஏனென்றால் அது பிளாஸ்மா அழுத்தத்துக்கும் காந்த அழுத்தத்துக்கும் உள்ள விகிதத்தை மட்டுமே சார்ந்தது. உந்தல் மூன்றில் ஒன்று, தணிப்பு மாறவில்லை.

இதே இரண்டு நிலைகளுக்கும் ஐந்து ஆர அட்டவணையைத் தனித்தனியே போட்டு, அடர்த்தி ஓரத்தில் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதை மாற்றி மாற்றிப் பாருங்கள். எந்த இடத்தில் இடைவெளி மூடுகிறது என்று குறித்துக்கொண்ட பிறகு நிரலைத் திறங்கள்.